மறு: மாற்கு சுவிசேஷத்தில் ஒரு கதைக்குள் இன்னொரு கதை, அதற்குத் தமிழில் என்ன பெயர்?

> "இடைச்செருகல்" என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறதே, அதையே வைத்துக்கொள்ளலாமே?

வேண்டாங்கண்ணா. ஏடு பார்த்துப் பதிப்பித்தவர்கள் அந்தச் சொல்லை எப்போதோ எடுத்துக்கொண்டார்கள். பின்னால் வந்த யாரோ நுழைத்த பாட்டுக்குத்தான் இடைச்செருகல் என்று பேர். வேதாகமத்திலும் அது தேவைப்படும் இடம் உண்டு. யோவான் 7:53 முதல் 8:11 வரை, விபசார ஸ்திரீயின் பகுதி, மிகப் பழைய கிரேக்கக் கையெழுத்துப் படிகளில் இல்லை. அதை இடைச்செருகல் என்றால் சரி. மாற்கு 5-ஐயும் அப்படிச் சொன்னால், பெரும்பாடுள்ள (இரத்தப்போக்கு நோயுள்ள) ஸ்திரீயைப் பிற்பாடு யாரோ சொருகிவிட்டார்கள் என்றுதானே படிக்கிறவர் நினைப்பார்?

அங்கே நடப்பது வேறு. மகள் சாகக் கிடக்கிறாள் என்று யவீரு என்கிற ஜெபஆலயத் தலைவன் இயேசுவின் காலில் விழுகிறான். இயேசு அவனோடு கிளம்புகிறார். வழியில் அந்தப் பெரும்பாடுள்ளவள் கூட்டத்துக்குள் புகுந்து அவரைத் தொடுகிறாள். அவர் நின்று, என் வஸ்திரங்களைத் தொட்டது யார் என்கிறார். அவளுக்கு நோய் 12 வருஷம், அந்தப் பிள்ளைக்கு வயது 12. அவளை "மகளே" என்று கூப்பிட்டு, உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது என்கிறார். பேச்சு முடியுமுன்னே சாவுச் செய்தி வந்துவிடுகிறது. தன் மகளுக்காகத் தவித்து நிற்கிற தகப்பன் காதில் அந்த "மகளே" எப்படி விழுந்திருக்கும்! அவனிடமும் அடுத்து விசுவாசத்தைத்தான் கேட்கிறார். இதைப் பிரித்து இரண்டு ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கமாக்கினால் எல்லாம் போச்சு. எங்கள் பக்கம் பெரும்பாலும் அப்படித்தான் ஆகிறது.

மாற்கு 11-இலும் இதே உத்தி. அத்திமரத்தைச் சபிக்கிறார், நடுவில் ஆலயத்தில் காசுக்காரர் பலகைகளைக் கவிழ்க்கிறார், மறுநாள் காலை மரம் வேரோடே பட்டுக் கிடக்கிறது. மத்தேயு 21-இல் ஆலயத்துக் காரியம் முந்தின நாளே முடிந்துவிடுகிறது. மரம் சபித்த உடனே பட்டுப்போகிறது. ஆக, நடுவில் வைத்தது மாற்கு தெரிந்தே செய்ததுதான்.

என் பரிந்துரை: ஊடுகதை. மஞ்சளுக்குள் வெங்காயம் போட்டால் ஊடுபயிர் என்கிறோமே, அந்த ஊடு. வெளியே இருப்பது சூழ்கதை, உத்திக்கு ஊடுவைப்பு. கிளைக்கதை என்பது ஒத்துவராது. பாரதத்தில் நளன் கதையைத் தாண்டிப் போனாலும் பாண்டவர் கதை நடக்கும். இங்கே உள்ளே இருப்பதை எடுத்துவிட்டால் யவீருவுக்குத் தாமதமே இல்லை.

> கோபிசெட்டிப்பாளையம் பக்கம் "ஊடு" என்றால் வீடுங்க. ஊட்டுக்கதை என்று சிரிப்பார்கள்.

சிரிக்கட்டுமுங்க. ஊடுபயிரை யாரும் வீட்டுப் பயிர் என்று நினைப்பதில்லை. எனக்கு இடிப்பது "கதை"தான். சுவிசேஷத்தைக் கதை என்றால் சபைப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். அவர்களுக்கு வேண்டுமானால் ஊடுநிகழ்வு என்று இரண்டாவதாகக் கொடுக்கலாம்.

அப்புறம், இந்தச் சொல்லின் விளக்கக் குறிப்பில் இந்த உத்தி "மாற்குவுக்கே உரியது" என்று எழுதிவிடாதீர்கள். லூக்கா 8-இலும் யவீரு பகுதி இதே அடுக்கில்தான் இருக்கிறது.