பி.டி. உஷா: நூறில் ஒரு பங்கை எத்தனை காலம் பேசுவது?

ஓட்டப்பித்தன்:
உஷா என்றாலே நம் ஆட்கள் லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போய்விடுகிறார்கள். 1984 ஒலிம்பிக், 400 மீட்டர் தடை ஓட்டம். ருமேனியாவின் கொஜோகாரு 55.41 விநாடி, உஷா 55.42. விநாடியில் நூறில் ஒரு பங்கில் வெண்கலம் போயிற்று. வலிக்கத்தான் செய்யும். ஆனால் மறு ஆண்டே ஜகார்த்தா ஆசிய சாம்பியன்ஷிப்பில் ஐந்து தங்கமும் ஒரு வெண்கலமும் வாங்கியவரை அந்த ஓர் ஓட்டத்தை வைத்தா அளப்பது?

கணக்கன்:
வேறு எதை வைத்து அளப்பது? ஆசியா வேறு, உலகம் வேறு. அந்த ஒலிம்பிக்கைச் சோவியத்தும் கிழக்கு ஜெர்மனியும் புறக்கணித்தன. அதே ஆண்டு ஜூனில் சோவியத்தின் பொனமர்யோவா 53.58-இல் ஓடி உலக சாதனை படைத்திருந்தார். அவர்கள் வந்திருந்தால் இந்த நூறில் ஒரு பங்குப் பேச்சே எழுந்திருக்காது. 1988 சியோல் ஒலிம்பிக்கில் முதல் சுற்றோடு திரும்பியதையும் சொல்லுங்கள்.

ஓட்டப்பித்தன்:
குதிகால் காயத்தோடு ஓடினார், அதையும் நீங்கள் சொல்லியிருக்கலாம். வராதவர்களின் நேரத்தைக் காட்டி வந்தவரை மட்டம் தட்டுவது என்ன கணக்கு? கேரளத்தின் பய்யோலிக் கடற்கரை மணலில் ஓடிப் பழகிய 20 வயதுப் பெண் அவர். பெண்களுக்கு இந்தப் போட்டி ஒலிம்பிக்கில் நடந்ததே அதுதான் முதல் முறை.

கோவை வாசகி:
அந்த 55.42-ஐ இன்னோர் இந்தியப் பெண் எட்ட 39 ஆண்டுகள் ஆயின. 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் எங்கள் ஊர் வித்யா ராம்ராஜ் தகுதிச் சுற்றில் அதே 55.42-இல் ஓடினார். அன்றும் சமன்தான், முறியடிப்பு இல்லை.

கணக்கன்:
அது உஷாவின் பெருமை என்பதைவிட நம் தடகளத்தின் லட்சணம், அம்மா.

ஓட்டப்பித்தன்:
இரண்டும்தான். 1986 சியோல் ஆசிய விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவுக்கு மொத்தம் ஐந்து தங்கம். அதில் நான்கு உஷா ஓடி வந்தவை (ஒன்று தொடர் ஓட்டம்). 100 மீட்டரில் மட்டும் பிலிப்பைன்ஸின் லிடியா டி வேகாவிடம் தோற்று வெள்ளி.

கணக்கன்:
என் மனக்குறையே அங்கேதான் இருக்கிறது. 100, 200, 400, தடை ஓட்டம், போதாததற்குத் தொடர் ஓட்டம்! பதக்க எண்ணிக்கைக்காக ஒரே ஆளை எல்லாவற்றிலும் இறக்கினார்கள். தடை ஓட்டத்தில் மட்டும் ஊன்ற விட்டிருந்தால் 55-க்குக் கீழே போயிருப்பார் என்பது என் எண்ணம்.

ஓட்டப்பித்தன்:
இதை முதல் பதிவிலேயே எழுதியிருந்தால் நான் சண்டைக்கே வந்திருக்க மாட்டேன். ஆனால் ஜகார்த்தாவின் அந்த ஐந்தை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வராது.