புதுப்பிப்பு: கார்டு பூட்டாமல் வெளியே வந்த சிக்கல் தீர்ந்தது

நான் வடிவமைக்கும் மைக்ரோ எஸ்டி சாக்கெட் (போன் போன்றவற்றில் சிறு நினைவக கார்டைச் செருகும் இடம்), கார்டை அழுத்தினால் பூட்ட வேண்டும், மறுபடி அழுத்தினால் வெளியே தள்ள வேண்டும். சில நேரம் பூட்டாமலே தள்ளிவிடுகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். பலரும் கார்டை வெளியே தள்ளும் சுருள் ஸ்பிரிங்கைச் சந்தேகப்பட்டீர்கள். மாற்றிப் பார்த்தேன், பலனில்லை.

கோளாறு ஸ்லைடரில், அதாவது கார்டோடு சேர்ந்து நகரும் துண்டில், உள்ள இதய வடிவப் பள்ளத்தில் இருந்தது. அதில் ஓடும் கம்பி ஊசி இதயத்தின் நடு மடிப்பில் உட்கார்ந்தால் கார்டு பூட்டும்; மறுபடி அழுத்தினால் ஊசி விலகி கார்டை விடும். இதற்கு ஊசி ஒரே திசையில்தான் சுற்ற வேண்டும். அதற்காகவே பள்ளத்தின் தரையில் சிறு படிகள் வைக்கிறோம். உருப்பெருக்கியில் பார்த்தால், ஒரு படியின் விளிம்பு மழுங்கி உருண்டிருந்தது. ஊசி அதில் ஏறி, வந்த வழியே திரும்பியிருக்கிறது. ஸ்லைடரை வார்க்கும் அச்சைத் திருத்தி விளிம்பைக் கூர்மையாக்கினேன். ஊசியை மேலிருந்து அழுத்தும் தகட்டு ஸ்பிரிங்கையும் கொஞ்சம் இறுக்கினேன். இப்போது ஒவ்வொரு முறையும் ‘டிக்’ என்று உட்காருகிறது. அந்தச் சத்தம் கேட்க அவ்வளவு நிம்மதி!

அப்புறம், வெளியே வரும்போது கார்டு தெறித்து விழுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். 15 × 11 மில்லிமீட்டர் கார்டு கீழே விழுந்தால் தேடுவது பெரும்பாடு. அதன் பக்கவாட்டு வெட்டில் உரசிப் பிடிக்கும் உலோக நாக்கு ஒன்றைச் சேர்த்துவிட்டேன்.

கார்டு இருப்பதை உணரும் சுவிட்ச் மட்டும் பாக்கி. கார்டின் 8 மின் முனைகளும் சாக்கெட்டைத் தொட்ட பிறகே அந்த சுவிட்ச் மூட வேண்டும். இப்போது சற்று முந்துகிறது.