மியூனிக்குக்கு அப்பா அம்மாவை எந்த மாதம் வரவழைப்பது?

புதிதாக மியூனிக் வந்தவர்கள், வீடு கிடைத்த கையோடு இதைத்தான் கேட்கிறார்கள். ஊரிலிருந்து அப்பா அம்மாவை எப்போது கூப்பிடலாம், அப்போது குளிர் எவ்வளவு இருக்கும்? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட, எனக்குத் தெரிந்ததை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

நான் முதல் தடவை அம்மாவைக் கூப்பிட்டது ஏப்ரலில். மதுரையில் சித்திரை வெயில் கொளுத்துமே, அந்த இரண்டு மாதமாவது தப்பிக்கட்டும் என்று நினைத்தேன். ஏப்ரலில் பகல் சராசரி 14 டிகிரி என்று பார்த்துவிட்டு, கொடைக்கானல் மாதிரிதான் இருக்கும் என்று கணக்குப் போட்டேன். அம்மா வந்த முதல் வாரம் நல்ல வெயில், 22 டிகிரி. சந்தோஷமாக இங்கிலீஷ் கார்டன் பூங்காவில் நடந்தார். அடுத்த வாரம் ஒருநாள் காலையில் திரையை விலக்கினால் வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கிறது. அதற்குப் பிறகு ஒன்பது நாள் அம்மா வாசலைத் தாண்டவில்லை. தப்பு என்னுடையது. 22-ம் 2-ம் சேர்ந்த சராசரியைப் பார்த்து ஏமாந்துவிட்டேன். ‘ஏப்ரல் தன் இஷ்டத்துக்குத்தான் நடக்கும்’ என்று ஜெர்மன்காரர்களே ஒரு சொலவடை வைத்திருக்கிறார்கள்.

அதனால் நான் முதலில் சொல்வது, சராசரி வெப்பநிலையை வைத்து மாதத்தை முடிவு செய்யாதீர்கள். வெளிச்சம் எத்தனை மணி நேரம், மழை எப்போது, காலடியில் தரை எப்படி இருக்கும், இந்த மூன்றையும் பாருங்கள். வயதானவர்களுக்கு இவைதான் முக்கியம்.

வெளிச்சத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். சென்னையில் மிக நீளமான பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் சுமார் ஒன்றரை மணி நேரம்தான். மியூனிக் 48 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஜூன் கடைசியில் காலை ஐந்தேகாலுக்கே சூரியன் உதித்துவிடும், இரவு ஒன்பதேகால் வரை வெளிச்சம். டிசம்பரில் எட்டு மணிக்கு விடிந்து, நாலரைக்குள் சூரியன் மறைந்துவிடும். நவம்பரில் மூடுபனியும் சேர்ந்தால் நாள்கணக்கில் சூரியனையே பார்க்க முடியாது. நீங்கள் வேலைக்குப் போய்விடுவீர்கள். தெரியாத ஊரில், மொழி தெரியாமல், மூன்று மணிக்கே லைட்டைப் போட்டுக்கொண்டு நான்கு சுவருக்குள் உட்கார்ந்திருப்பது பெரியவர்களுக்கு எவ்வளவு பாரம் என்று யோசித்துப் பாருங்கள். குளிருக்குச் சட்டை வாங்கிக் கொடுக்கலாம். இருட்டுக்கு என்ன செய்ய முடியும்? அதனால்தான் நவம்பர் முதல் பிப்ரவரி வரை வேண்டவே வேண்டாம் என்கிறேன்.

அடுத்தது மழை. இதில்தான் நம் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். கோடை என்றால் காய்ந்து கிடக்கும் என்பது நம் ஊர்ப் பழக்கம். மியூனிக்கில் வருடத்திலேயே அதிகம் மழை பெய்வது ஜூன், ஜூலை, ஆகஸ்டில்தான். ஒவ்வொரு மாதமும் 100 மி.மீ.க்கு மேல் பெய்யும், குளிர்கால மாதங்களைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. காரணம் ஆல்ப்ஸ் மலை. வடக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வரும் ஈரக்காற்று மலையில் முட்டி, தேங்கி, பெய்கிறது. வெயில் காய்ந்த நாளில் பிற்பகலுக்கு மேல் மலைப்பக்கம் மேகம் திரண்டு, சாயங்காலம் இடி மின்னலோடு கொட்டும். நம் ஊர்க் கோடை மழை போலத்தான், ஆனால் ஆலங்கட்டி சில சமயம் பயங்கரமாக இருக்கும். 1984 ஜூலை 12-ம் தேதி சாயங்காலம் இந்த ஊரில் டென்னிஸ் பந்து அளவுக்கும் மேலான கட்டிகள் விழுந்து, கூரைகளும் கார்களும் நொறுங்கின. இன்றும் பழைய ஆட்கள் அதைப் பற்றிப் பேசுவார்கள்.

சரி, என்ன செய்வது? வெளியே போகிற வேலையைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். ஜெர்மன் வானிலைத் துறையின் வார்ன்வெட்டர் செயலியைப் போனில் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்டார்ன்பெர்க், அம்மர்சே, கீம்சே ஏரிகளுக்குப் படகுச் சவாரி போனால் கரையில் ஆரஞ்சு விளக்கு சுழல்கிறதா என்று கவனியுங்கள். நிமிடத்துக்கு 40 முறை மின்னினால் பலத்த காற்று வரலாம் என்று அர்த்தம். 90 முறை மின்னினால் புயல்காற்று, உடனே கரைக்கு வந்துவிட வேண்டும்.

வெயிலையும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஜூலையில் பகல் சராசரி 24, 25 டிகிரிதான், ஆனால் சில நாள் 35-ஐத் தொடும். பெரும்பாலான வீடுகளில் ஏசி இல்லை, மின்விசிறி மாட்டக் கூரையில் கொக்கி கூட இல்லை. மேல்மாடி வீடு என்றால் இரவிலும் புழுங்கும். காலை எட்டு மணிக்கே ஜன்னலைச் சாத்தி ரோலாடனை (ஜன்னலுக்கு வெளியே உள்ள சுருள் தடுப்பை) இறக்கிவிட்டு, ராத்திரி எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள். டேபிள் ஃபேனை மே மாதத்திலேயே வாங்கி வைத்துவிடுங்கள்.

அப்புறம் இந்த ஊருக்கே உரிய ஒரு காற்று உண்டு, அதன் பெயர் ஃபோன் (Föhn), பேசுகிற போன் இல்லை. ஆடி மாதத்தில் கேரளப் பக்கம் மழை கொட்டும்போது, மலையைத் தாண்டி நம் பக்கம் வெறும் காற்று மட்டும் வீசுமே, அதே கதைதான். இத்தாலிப் பக்கத்திலிருந்து ஆல்ப்ஸில் ஏறும் காற்று ஈரத்தை அங்கேயே கொட்டிவிடும். இந்தப் பக்கம் இறங்கும்போது 100 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் சூடாகும். குளிர்காலத்தின் நடுவில் கூட ஒரே நாளில் பத்து டிகிரிக்கு மேல் ஏறிவிடும். வானம் துடைத்துவிட்டது போல இருக்கும், தொலைவில் உள்ள மலைகள் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். தலைமுடி காயவைக்கும் மிஷினுக்கு இங்கே ஃபோன் என்றே பெயர். இந்தக் காற்று வீசும் நாளில் தலைவலி வருவதாக உள்ளூர்க்காரர்கள் நிறையப் பேர் சொல்வார்கள். ஒரு விஷயத்தை மறக்காதீர்கள். பிப்ரவரியில் ஃபோன் வீசி 17 டிகிரி வந்துவிட்டது என்று அப்பாவின் ஜாக்கெட்டைப் பெட்டியில் வைத்துவிடாதீர்கள். காற்று நின்றதும் குளிர் திரும்பி வரும்.

மே மாதம் பாதி நல்லது, பாதி சந்தேகம். மே 11 முதல் 15 வரையுள்ள நாள்களை இங்கே ‘பனிப் புனிதர்கள்’ என்பார்கள். அதற்கு முன் தோட்டக்காரர்கள் தக்காளி நாற்றை வெளியே நட மாட்டார்கள், ராத்திரி உறைபனி விழும் பயம். பால்கனியில் மிளகாய்ச் செடி வைப்பவர்களும் அதுவரை பொறுங்கள். அப்பா அம்மாவுக்கும் அதே கணக்கை வைத்துக்கொள்ளலாம்.

என் பரிந்துரை இதுதான். மூன்று மாதத் திட்டம் என்றால் ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரை. ஷெங்கன் விசாவில் 180 நாளில் 90 நாள்தான் தங்க முடியும், அதனால் நாளை எண்ணிப் பார்த்து, 90-ஐத் தாண்டாமல் டிக்கெட் போடுங்கள். மூன்று வாரம்தான் என்றால் ஆகஸ்ட் கடைசியில் தொடங்குங்கள். இடிமழை குறையத் தொடங்கியிருக்கும், பகல் இன்னும் 13 மணி நேரம் இருக்கும், பள்ளத்தாக்குகளில் இளவெயில். செப்டம்பர் 15-க்குப் பிறகு வரும் சனிக்கிழமை அக்டோபர்ஃபெஸ்ட் பீர் திருவிழா தொடங்கிவிடும். அதற்குள் திரும்பிப் போகிற மாதிரி டிக்கெட் போட்டால் கூட்ட நெரிசலிலிருந்து தப்பிக்கலாம். பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விசாவுக்கு விண்ணப்பிக்கலாம் என்பதால், பொங்கலுக்குள் மாதத்தை முடிவு செய்துவிடுங்கள்.

“அம்மாவுக்குப் பனி பார்க்க ஆசை, டிசம்பரில்தானே கூப்பிட வேண்டும்?” என்று ஒரு தங்கை கேட்டிருந்தார். வேண்டாம்மா. நகரத்துக்குள் கிறிஸ்துமஸுக்குப் பனி இருக்கும் என்று நம்ப முடியாது. பெரும்பாலும் அந்த வாரம் உருகி மழையாகிவிடும். கொட்டினாலும் கஷ்டம்தான். 2023 டிசம்பர் 2-ம் தேதி 40 செ.மீ.க்கு மேல் விழுந்து விமான நிலையத்தையே மூடினார்கள், ரயில்களும் நின்றன. பனியை விட எனக்குப் பயம், அது உருகி ராத்திரியில் கண்ணாடி போல உறைவதுதான். அறுபதைத் தாண்டியவர்கள் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஆகஸ்டிலேயே அம்மாவை ட்சுக்‌ஷ்பிட்ஸ மலைக்கு அழைத்துப் போங்கள். 2962 மீட்டர், நம் தொட்டபெட்டாவை விட உயரம். பல்சக்கர ரயிலும் கேபிள் காரும் இருக்கின்றன. மேலே கோடையிலும் பனி பார்க்கலாம். கீழே 25 டிகிரி இருந்தாலும் அங்கே பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கலாம், அதனால் ஸ்வெட்டர், குல்லா கட்டாயம். இதய நோயோ மூச்சுத் தொந்தரவோ இருந்தால் டாக்டரிடம் கேட்டுவிட்டு ஏறுங்கள்.

துணி பற்றி இன்னொருவர் கேட்டார். ஊரில் ஒரே தடியான கம்பளி ஸ்வெட்டரை வாங்கிப் பணத்தை வீணாக்காதீர்கள். மெல்லிசாக மூன்று அடுக்கு, மேலே காற்றும் மழையும் புகாத ஜாக்கெட் ஒன்று. ரயிலுக்குள்ளும் கடைக்குள்ளும் சூடாக இருப்பதால் ஒவ்வொன்றாகக் கழற்றலாம். புடவை மட்டுமே கட்டுகிற அம்மாக்களுக்கு உள்பாவாடைக்குள் தெர்மல் பேன்ட் போட்டால் போதும், வெளியே தெரியாது. செருப்பு மட்டும் உதவாது. கோடையிலும் மழை பெய்தால் 12 டிகிரிக்கு இறங்கிவிடும், ஈரக் கல்தரையில் ரப்பர் செருப்பு வழுக்கும். அடிப்பாகம் நன்றாகப் பிடிக்கிற ஷூவை ஊரிலேயே வாங்கி, விமானம் ஏறுவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே தினமும் சாயங்காலம் போட்டு நடக்கச் சொல்லுங்கள். என் அம்மா இரண்டாவது தடவை அப்படிச் செய்துவிட்டுத்தான் வந்தார். செப்டம்பரில் ஈசார் ஆற்றங்கரையில் தினமும் நாலு கிலோமீட்டர் நடந்தார்.