பத்திக்கில் மெழுகு வெடிப்பு: கலையா, கலவையா?

மெழுகுச்சட்டி:
"வெடிப்புக் கோடு இருந்தால் அது கலை, விளிம்பு சுத்தமாக நின்றால் வெறும் வடிவமைப்பு" என்று கித்தான் அருள்வாக்குச் சொல்லியிருக்கிறார். பத்திக்கில் மெழுகு பூசின இடத்தில் சாயம் ஏறாது. மெழுகு வெடித்தால் அந்த வழியே சாயம் புகுந்து கோடு விழும். ஐயா, வெடிப்பு வானத்திலிருந்து இறங்குவதில்லை. மெழுகுதிரி செய்கிற பரபின் மெழுகு நொறுங்கும், தேன்மெழுகு வளையும். மூன்று பங்கு பரபினுக்கு ஒரு பங்கு தேன்மெழுகு போட்டால் கோடு தாராளம். பாதிக்குப் பாதி என்றால் அங்கொன்று இங்கொன்று. கொழும்பு வெக்கையில் பரபினே இளகிக் கிடக்கும், அதனால் ஐஸ் தண்ணீரில் முக்கிவிட்டுத்தான் கசக்க வேண்டும். இதில் கலை எந்தச் சட்டியில் இருக்கிறது?

கித்தான்:
விகிதம் உம்முடையது. கோடு எங்கே ஓடும் என்று சொல்வீரா? மாட்டீர். அங்கேதான் கலை. புறக்கோட்டைச் சந்தைக்கு லுங்கி செய்து கொடுக்கிறவர்களுக்கு இது விளங்காது.

மெழுகுச்சட்டி:
சொல்வேன். மடித்தால் மடிப்பு வழியே ஓடும். நடுவில் பிடித்துச் சுருக்கினால் அங்கிருந்து சுற்றிவர விரியும். வெடிக்கக்கூடாத இடத்துக்குத் தேன்மெழுகு கூடின சட்டி, வெடிக்க வேண்டிய இடத்துக்குப் பரபின் கூடின சட்டி. ஒரே துணிக்கு இரண்டு அடுப்பு, அவ்வளவுதான்.

இன்னொன்று. நீர் மெய்மறந்து பார்க்கிற "வெடிப்பு" பாதி கசிவு. மெழுகு 120 பாகை செல்சியஸ் அளவில் இருந்தால்தான் இழைக்குள் ஊறும். ஊறின இடம் ஈரத்துணி மாதிரிக் கண்ணாடியாகத் தெரியும். சூடு காணாவிட்டால் மேலே வெள்ளையாகப் படிந்து நிற்கும், அடியால் சாயம் புகுந்துவிடும். கூடச் சூடாக்கினால் புகை வரும், கோடு அகன்று ஓடும். துணியைத் திருப்பிப் பார்த்துப் பின்பக்கமும் மெழுகு போட வேண்டும். திருப்பிப் பார்க்காத சோம்பலைச் சட்டகம் போட்டு மாட்டினால் கலை!

கொட்டாஞ்சேனைக் கோடு:
இடையில் ஒன்று. அந்த வெடிப்பை இப்போது அச்சிலேயே அடிக்கிறார்கள். உருளை சுழன்று அடிக்கிற சுழல் திரை அச்சு என்றால் உருளையின் சுற்றளவு பெரும்பாலும் 64 சென்ரிமீற்றர். துணியை விரித்து அளந்து பாருங்கள், அதே கோடு அதே வளைவோடு 64 இல் திரும்பி வரும். பின்பக்கம் வேறு வெளிறியிருக்கும். கித்தான் அண்ணை, இதுவும் கலைதானா? கோடு இருக்கிறதே!

கித்தான்:
தம்பி, அச்சுக்கு விபத்துத் தெரியாது. நான் சொல்வது ஓடுகிற கோடு.

மெழுகுச்சட்டி:
நேற்று "இருந்தால்" கலை, இன்றைக்கு "ஓடினால்" கலை. நாளைக்கு என்ன, பறந்தாலா?
விபத்தையே தொழிற்சாலையில் செய்தவர்கள் இருக்கிறார்கள். ஒல்லாந்தில் 1846 இல் தொடங்கிய விலிஸ்கோ என்ற ஆலை, துணியின் இரு பக்கமும் பிசின் அச்சடித்து, அதை உடைத்து, சாயத்தில் விடும். ஒவ்வொரு முழத்திலும் கோடு வேறு. பத்திக்கைக் கையால் செய்கிற யாவாக்காரனுக்கு அது பிழை, அவன் மெழுகு ஒட்டிப் பிடிக்கப் பிசினைக் கலந்து விளிம்பைக் காப்பாற்றுவான். மேற்கு ஆபிரிக்கச் சந்தையோ அதே பிழையை விரும்பி வாங்கியது. உம்முடைய கணக்கில் யாவாவின் நுண்வேலை முழுக்க வெறும் வடிவமைப்பு, ஒல்லாந்து ஆலைத்துணி கலை. வாழ்க!

சாயத்தொட்டி:
வெடிப்பு வெடிப்பு என்று மெழுகையே பிடித்துத் தொங்குகிறீர்கள். கோட்டுக்கு நிறம் கொடுப்பது சாயம். நப்தோல் சாயம்தான் சரி. கோஸ்டிக் சோடாவில் கரைத்த முதல் தொட்டி, நிறம் எழுப்பும் டயசோ உப்பின் கரைசல் இரண்டாம் தொட்டி, நிறம் கண் முன்னே எழும்பும். இரண்டும் குளிர், மெழுகுக்குக் கேடில்லை.

மெழுகுச்சட்டி:
கையுறை இல்லாமல் கோஸ்டிக்கில் கை விடுகிறவர்களைக் கண்டபிறகுமா இந்தப் பிரசாரம்? சில அசோச் சாயங்களை ஐரோப்பிய ஒன்றியம் 2002 லேயே மட்டுப்படுத்திவிட்டது, நப்தோலும் அந்த அசோக் குடும்பம்தான், நப்தோல் வகையில் எது அந்தப் பட்டியலில் வரும் என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். குளிர்ந்த தண்ணீரிலேயே பிடிக்கிற ரியாக்டிவ் சாயம் போதும். லீற்றருக்கு 20 கிராம் சலவைச் சோடா, இரவு முழுக்க ஈரம் காயாமல் வைத்தால் பிடிக்கும்.

சாயத்தொட்டி:
பிடிக்கும், மெழுகு கழற்றக் கொதிக்க வைத்ததும் பிடிக்காத மிச்சம் வெள்ளை நிலத்தில் ஏறி உட்காரும். அதையும் கலை என்று விற்கலாம்.

மெழுகுச்சட்டி:
முதலில் குளிர்ந்த தண்ணீரில் நிறம் போவது நிற்கும்வரை அலசாதவனுக்குத்தான் அப்படி நடக்கும். பிறகு அந்தக் கொதிதண்ணீரைச் சூட்டோடு வடிகாலில் ஊற்றுகிறவனும் அவனே. ஆறவிட்டால் மெழுகு மேலே தட்டாகக் கட்டும், அள்ளி எடுக்கலாம். ஊற்றினால் குழாய்க்குள் உறையும். வெள்ளவத்தை மாடிவீடுகளில் பட்டறை வைப்பவர்கள் கவனிக்க.

கொட்டாஞ்சேனைக் கோடு:
வடிகாலுக்குப் போய்விட்டோமா? கட்டடக்கலைஞர் ஜெப்ரி பாவா கட்டிய பெந்தோட்டை ஹோட்டலின் வரவேற்பு மண்டபக் கூரைக்கு ஈனா டி சில்வா பத்திக் செய்தார். கூரை என்றால் அது கட்டடத்தின் உறுப்பு. அதைக் கலை என்பீர்களா, வடிவமைப்பு என்பீர்களா?

கித்தான்:
ஈனா டி சில்வாவை இந்தச் சட்டிக் கதைக்குள் இழுக்க வேண்டாம். அவர் கலைஞர்.

மெழுகுச்சட்டி:
அந்தக் கூரையில் வெடிப்பு எத்தனை என்று எண்ணிப் பார்த்துத்தான் சொல்கிறீரா, அல்லது பெயரைப் பார்த்தா? அளவு, கூரைச்சட்டம், அண்ணாந்து பார்க்கிறவனின் கண் எல்லாவற்றையும் கணக்குப் போடாமல் கூரைக்குத் துணி செய்ய முடியாது.

கித்தான்:
கணக்குப் போட்டார், கோடு எங்கே ஓடும் என்று கணக்குப் போடவில்லை.

நிர்வாகி:
ஆளை விட்டுவிட்டுத் துணியைப் பற்றிப் பேசவும்.

மெழுகுச்சட்டி:
துணியைப் பற்றிப் பேசுவது நான் ஒருவன்தான். கித்தான், ஒரு முழம் வெள்ளைப் பருத்தியில் கோடு எங்கே ஓட வேண்டும் என்று பென்சிலால் குறித்துத் தாரும். அங்கேயே ஓட்டிக் காட்டுகிறேன்.

கித்தான்:
பென்சிலால் குறித்தால் அது வடிவமைப்பு.

சாயத்தொட்டி:
அலசினாலும் நிறம் ஏறும். கடும் நீலத்தில் செய்து பார்க்கவும். நப்தோலுக்கு இன்னும் பதில் வரவில்லை.