டிரான்ஸ்ஃபர் கேஸ்: பகிர்வுப் பெட்டியா, அச்சிணைப்புப் பெட்டியா?

வணக்கம். ஃபோர்டு மாடல் டி காரையும் (1908–1927) இன்றைய சுசுகி ஜிம்னியையும் ஒப்பிடும் கட்டுரைக்கு, டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு (நான்கு சக்கர இயக்க வண்டியில் கியர்பெட்டியிலிருந்து வரும் விசையை முன், பின் அச்சுகளுக்கு அனுப்பும் பெட்டிக்கு) நல்ல தமிழ்ச் சொல் தேவை. ‘மாற்றுப் பெட்டி’ பொருந்தவில்லை. அது விசையைப் பின் அச்சிலிருந்து பிடுங்கி முன் அச்சுக்குத் தருவதில்லை, இரண்டுக்கும் அனுப்புகிறது. ‘விசைப்பகிர்வுப் பெட்டி’ சரியா?

> விசைப்பகிர்வுப் பெட்டி

ஐயா, பகிர்வது டிஃபரன்ஷியலின் வேலை. மாடல் டியில் பின்சக்கரங்கள்தான் வண்டியைத் தள்ளும். டிஃபரன்ஷியல் முறுக்குவிசையை இரண்டுக்கும் சமமாகப் பங்கிட்டு, வேகத்தை மட்டும் வேறுபட விடும். ஒன்று சேற்றில் வழுக்கினால், அது தாங்கும் சொற்ப விசைதான் மற்றதற்கும் கிடைக்கும், வண்டி நகராது.

ஜிம்னியில் 4எச் (சாதாரண விகிதத்தில் நான்கு சக்கர இயக்கம்) போட்டால் நடப்பது நேர் எதிர். முன், பின் ஷாஃப்டுகள் பூட்டிக்கொண்டு ஒரே வேகத்தில் சுற்றும். பிடிப்புள்ள அச்சுக்கு விசை கூடுதலாகப் போகும். திருப்பத்தில் முன்சக்கரங்கள் பெரிய வட்டம் போடுவதால் அவை வேகமாகச் சுற்றியாக வேண்டும். மண்ணில் டயர் சற்று வழுக்கி ஈடுகட்டிவிடும். காய்ந்த தார்ச்சாலையில் அதற்கு வழியில்லை: ஷாஃப்டில் முறுக்கேறி, வண்டி இறுகி, லிவர் 2எச்சுக்கு (பின்சக்கரம் மட்டும் இயங்கும் நிலைக்கு) வராமல் சிக்கும். லிவரை முரட்டுத்தனமாக இழுக்கக் கூடாது. ஸ்டியரிங்கை நேராக்கிச் சில அடி ரிவர்ஸ் எடுத்தால் முறுக்குக் கழன்று லிவர் இளகும். எனவே ‘அச்சிணைப்புப் பெட்டி’ என்பதே என் பரிந்துரை.

> அச்சிணைப்புப் பெட்டி

ஏற்கிறேன். ஆனால் 4எல் (மெதுவான, வலுவான நான்கு சக்கர இயக்கம்)? அங்கே இணைப்போடு 2.002 மடங்கு வேகக் குறைப்பும் சேர்கிறதே. ‘துணைக் கியர்பெட்டி’ என்றால் இரண்டும் அடங்காதா?

அடங்காது. மாடல் டிக்கே வார்ஃபோர்டு என்ற பெயரில் துணைக் கியர்பெட்டி தனியாக விற்றது. அதில் முன் அச்சுக்கு இணைப்பே கிடையாது. நம் கட்டுரையிலேயே இரண்டும் மோதும். குறைப்புக்குத் ‘தாழ்விகிதம்’ என்று தனிச்சொல் இருக்கட்டும், ஒப்பிடவும் வசதி. மாடல் டியில் லோ கியர் 2.75, பின் அச்சு 3.64, பெருக்கினால் மொத்தக் குறைப்பு சுமார் 10 மடங்கு. பெட்ரோல் தானாக வழிந்தே கார்புரேட்டருக்கு வர வேண்டும் என்பதால், டேங்கில் பெட்ரோல் குறைந்தால், டேங்க் என்ஜினைவிட மேலே இருக்கும்படி செங்குத்து மேட்டில் ரிவர்ஸில்தான் ஏறுவார்கள். அதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள், அந்தக் காரின் இயல்பு அதில் தெரியும்.

சேர்க்கிறேன். 4எல்லுக்கு அருகே ‘வண்டியை முழுதாக நிறுத்தி, கிளட்சை மிதித்த பிறகே தாழ்விகிதம்’ என்றும் போட்டுவிடுகிறேன். பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டரின் பெட்டிக்குள் முன், பின் அச்சுகளுக்கிடையே நடு டிஃபரன்ஷியலும் உண்டு; அதற்கு ‘நடுப்பங்கீட்டு அச்சிணைப்புப் பெட்டி’ என்று அடைமொழி சேர்த்தால் போதும்.