தொலைமலைக்கு எந்த அடர்நீலம்: ப்ரஷ்யன் ப்ளூவா, இண்டிகோவா?

கேள்வி (கோத்தகிரி, ஓவிய மாணவி)

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரியிலிருந்து மேற்கே தெரியும் தொட்டபெட்டா மலைவரிசையை நீர்வண்ணத்தில் தீட்டிப் பழகி வருகிறேன். மாலையில் சூரியன் அந்த மலைக்குப் பின்னால் இறங்கிவிடுவதால், தேயிலைச் சரிவு, சோலை, புல்வெளி என்ற பேதமெல்லாம் மறைந்து, மலை முழுவதும் ஒரே அடர்நீலமாகத் திரண்டு நிற்கிறது. அதற்காக ப்ரஷ்யன் ப்ளூ, இண்டிகோ என்று இரண்டு ட்யூப்கள் வைத்திருக்கிறேன். தட்டில் பிதுக்கினால் இரண்டுமே ஏறக்குறையக் கறுப்பாகத் தெரிகின்றன; தாளில் ஏறியபின் ஒன்று துலக்கமாகவும் மற்றது மங்கலாகவும் காய்கிறது. இவ்விரண்டுக்கும் அடிப்படை வேறுபாடு என்ன? மாலை மலைக்கு எது பொருந்தும்? அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1 (குன்னூர், ஓவிய ஆசிரியர்)

அன்புள்ள தங்கைக்கு, இரண்டையும் கெட்டியாக வைத்து ஒப்பிட்டால் வேறுபாடு பிடிபடாது. அடர்த்தியான நீலம் தன்மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியை விழுங்கிவிடுவதால் கண்ணுக்குக் கருமைதான் எஞ்சுகிறது. தண்ணீரில் விரியும்போதே அதன் குணம் வெளிப்படும். ஒரே தாளில் இரண்டு பட்டைகள் இழுத்து, ஒரு முனையில் கெட்டியாகத் தொடங்கி, தண்ணீர் சேர்த்துக்கொண்டே போய் மறுமுனையில் வெளிறிய சாயலாக முடித்து, நன்றாகக் காயவிட்டுப் பாருங்கள். ப்ரஷ்யன் ப்ளூ வெளிறிய முனையிலும் தெளிந்த நீலமாக, சற்றே பச்சைப் பக்கம் சாய்ந்து நிற்கும். இண்டிகோ சாம்பல் கலந்த நீலமாகத் தணிந்துவிடும்.

மஞ்சளைச் சேர்த்தாலும் இது தெரியும். ப்ரஷ்யனுடன் எலுமிச்சை மஞ்சள் கலந்தால் கூர்மையான பச்சை கிடைக்கும். இண்டிகோவுடன் கலந்தால் முதிர்ந்த இலையின் அடங்கிய பச்சை வரும். சோலைக்காட்டின் நிழலுக்கு நான் எப்போதும் இரண்டாவதையே எடுக்கிறேன். ப்ரஷ்யனுக்குச் சாயமேற்றும் வலிமை மிக அதிகம் என்பதையும் மறந்துவிடக் கூடாது. தூரிகை நுனியில் ஒட்டிய துளியே கலவை முழுவதையும் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். தாளில் பிடித்தபின் கழுவி எடுப்பதும் கடினம்.

இனி உங்கள் மலைக்கு வருவோம். நமக்கும் மலைக்கும் இடையிலுள்ள காற்று, ஒளியின் நீலப் பகுதியைக் கூடுதலாகச் சிதறடிப்பதால்தான் தொலைமலை நீலமாகத் தெரிகிறது. தொலைவு கூடக்கூட அந்த நீலம் வெளிறும். காற்றில் ஈரம் மிகுந்தால் அதில் வெண்மையும் சாம்பலும் கலக்கும். ஆகவே மாலை மூட்டத்தில் கருத்து நிற்கும் வரிசைக்கு இண்டிகோதான் பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து. மழை விட்டுக் காற்று கழுவியதுபோல் தெளிந்திருக்கும் காலையில், அருகிலுள்ள மலைமடிப்புகளின் நிழலுக்கு ப்ரஷ்யனைப் பயன்படுத்துங்கள். கருமை போதவில்லை என்று கறுப்பை மட்டும் சேர்க்காதீர்கள். மலையின் உயிர் போய்விடும். ப்ரஷ்யனில் சிறிது கிரிம்சன் என்னும் அடர்சிவப்பைச் சேர்த்தாலே இண்டிகோவுக்கு நெருங்கிய ஆழம் வந்துவிடுகிறது.

பதில் 2 (கொடைக்கானல், வேதியியல் ஆசிரியை)

ஆசிரியர் சொன்னதோடு இரண்டின் பிறப்பையும் அறிந்துகொள்வது பயன்தரும். ப்ரஷ்யன் ப்ளூ இரும்பும் சயனைடும் சேர்ந்த சேர்மம். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில், சிவப்பு வண்ணம் தயாரிக்க முயன்றபோது தற்செயலாகக் கிடைத்தது. 1842இல் ஜான் ஹெர்ஷல் உருவாக்கிய சயனோடைப் அச்சுமுறையின் நீலமும், பழைய கட்டட வரைபடங்களின் நீலமும் இதுவே. காரம் பட்டால் இது சிதைந்து பழுப்பாகிவிடும் என்பதால், புதிதாகச் சுண்ணாம்பு பூசிய சுவரில் இதைப் பயன்படுத்தக் கூடாது. வலுவான ஒளியில் சற்று வெளிறி, இருட்டில் வைத்தால் காற்றிலுள்ள ஆக்சிஜனால் மீண்டும் நிறம் பெறும் விந்தையான குணமும் இதற்கு உண்டு.

இண்டிகோ தாவரத்தில் பிறந்தது. திண்டிவனம் பகுதியில் இன்றும் பயிராகும் அவுரியின் இலையைத் தண்ணீரில் ஊறவைத்து, புளித்த நீரைக் காற்றுப் படும்படி நன்றாக அடித்துக் கலக்கினால் நீலம் வண்டலாக அடியில் படியும். இந்த நீலம் தண்ணீரில் கரையாது. ஆகவே சாயத்தொட்டியில் காரம் சேர்த்து, ஆக்சிஜனை நீக்கிக் கரைக்கிறார்கள். துணியை அதில் முக்கித் தூக்கும்போது மஞ்சள் பச்சையாக இருக்கும். காற்றுப் பட்டதும் பச்சை ஓடி ஓடி நீலமாவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். 1897இல் செயற்கை இண்டிகோ சந்தைக்கு வந்தபின் அவுரிச் சாகுபடி பெரிதும் சுருங்கியது.

இன்னொன்றையும் கவனியுங்கள். இன்று இண்டிகோ என்று விற்கப்படும் நீர்வண்ணங்கள் பலவற்றில் அவுரியும் இல்லை, செயற்கை இண்டிகோவும் இல்லை. வேறொரு நீலத்துடன் கறுப்பைக் கலந்தே பல நிறுவனங்கள் தயாரிக்கின்றன. ட்யூபின் மேல் சிறிய எழுத்தில் நிறமிக் குறியீடு இருக்கும். பி.பி. 27 என்றால் ப்ரஷ்யன், பி.பி. 66 என்றால் செயற்கை இண்டிகோ, என்.பி. 1 என்றால் இயற்கை இண்டிகோ. பி.பி.கே. என்று தொடங்கும் குறியீடு உடனிருந்தால் அதில் கறுப்பு கலந்திருக்கிறது.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. என் இண்டிகோ ட்யூபில் பி.பி. 27, பி.பி.கே. 7 என்று இரண்டு குறியீடுகள் இருக்கின்றன. அப்படியானால் என்னிடம் இருப்பது ப்ரஷ்யனும் கறுப்பும் சேர்ந்த கலவைதானா? இதை வைத்தே மாலை மலையைத் தீட்டலாமா?

பதில் 1 எழுதியவர்

ஆம், கலவைதான், ஆனாலும் தாராளமாகத் தீட்டலாம். தொலைவான வரிசைகளுக்குத் தண்ணீர் கூட்டி இதையே பயன்படுத்துங்கள். முன்னால் நிற்கும் வரிசைக்கு மட்டும் நான் சொன்னபடி ப்ரஷ்யனையும் கிரிம்சனையும் நீங்களே கலந்துகொள்ளுங்கள். அங்கேதான் கறுப்பின் மந்தம் கண்ணை உறுத்தும்.

பதில் 3 (உதகை)

கலவையைப் பகல் வெளிச்சத்திலேயே முடிவு செய்யுங்கள். மஞ்சள் பல்பில் நீல ஒளி குறைவு என்பதால், அதன் கீழே இரண்டு நீலங்களும் ஒன்றுபோல் கருத்துத் தெரியும். அந்தி மங்கும்போது நம் கண்ணே சிவப்பைக் கருமையாகவும் நீலத்தைச் சற்று வெளிச்சமாகவும் காணத் தொடங்கிவிடுவதால், அந்நேரம் வெளியில் உட்கார்ந்து கலந்த நிறம் மறுநாள் காலையில் வேறாக இருக்கும். மாலையில் மலையைப் பார்த்துக் குறிப்பு மட்டும் எழுதிவைத்து, வண்ணத்தை அடுத்த நாள் வடக்குச் சன்னலருகே கலப்பது நல்லது.