பீரியட்டுக்கு முந்தின கிழமை: திருகோணமலைப் பெண்கள் பகிர்ந்தவை

உவர்மலை அக்கா (இளைப்பாறிய மருத்துவமாது):

"பொறுத்துக்கொள் பிள்ளை, எல்லாருக்கும் உள்ளதுதானே" எண்டு பீரியட் கரைச்சலைப் பற்றிக் கேட்கிற பிள்ளையளுக்கு எழுதுறதை இனி விடுவம். செய்யக்கூடிய காரியத்தை மட்டும் எழுதுங்கோ. சொந்தக் கதையும் வேண்டாம், ஒருத்தற்ற பேரும் வேண்டாம்.

வயித்துக்குத்து, இரத்தம் அளவுக்கு மிஞ்சிப் போறது, பீரியட்டுக்கு முந்தின கிழமை மனம் குலையிறது: மூண்டும் மூண்டு பிரச்சினை. ஒண்டுக்குக் குடுக்கிற குளிசை எப்பவும் மற்றதுக்குக் கேட்கும் எண்டில்லை, சிலவேளை அதைக் கூட்டியும் விடும். ஆனபடியால் டொக்டரிட்டப் போகமுதல் இரண்டு மாதம் எழுதி வையுங்கோ. ஸ்கானுக்கும் ஹோர்மோன் ரெஸ்டுக்கும் காசு கட்டமுதல் செய்யவேண்டியது இதுதான்.

சுவரில தொங்கிற கலண்டரும் பேனையும் காணும். இரத்தம் ஒழுங்காப் போகத் தொடங்கின நாள்தான் 1ஆம் நாள். அதுக்கு முந்தி லேசாக் கறை பட்ட நாளைக் கணக்கில எடுக்கக்கூடாது. ஒவ்வொரு இரவும் படுக்கமுதல் ஏழு விசயத்துக்கு 1 முதல் 6 வரை புள்ளி போடுங்கோ: எரிச்சல் கோபம், அழுகை அல்லது மனச்சோர்வு, பதகளிப்பு, நித்திரை, சாப்பாட்டு ஆசை, மார்பு நோவும் உடம்பு ஊதலும், அண்டைக்கு வீட்டு வேலையோ உத்தியோகமோ எவ்வளவு குழம்பினது. 1 எண்டால் இல்லை, 6 எண்டால் தாங்கேலாது. எத்தனை பேட் மாத்தினது, எந்தக் குளிசை எத்தனை மணிக்குப் போட்டது எண்டும் பக்கத்தில குறிக்கவேணும்.

மாதக் கடைசியில இருந்து யோசிச்சு நிரப்பினால் பிரயோசனம் இல்லை. நல்ல நாளில கெட்ட நாள் மறந்துபோகும், கெட்ட நாளில முழு மாதமும் கெட்டதாத் தெரியும்.

இரண்டு சுற்று முடிஞ்சபிறகு பாருங்கோ. பீரியட்டுக்கு முந்தின ஏழு பத்து நாளில புள்ளி ஏறி, இரத்தம் தொடங்கி இரண்டு மூண்டு நாளில இறங்கி, 6ஆம் நாளிலயிருந்து 10ஆம் நாள் வரை தெளிவாக் கிடந்தால் அது பீரியட்டோட சேர்ந்த வருத்தம். மாதம் முழுக்க 4, 5 எண்டு நிண்டு, முந்தின கிழமையில மட்டும் 6க்கு ஏறினால் கதை வேற. மனச்சோர்வோ, பதகளிப்போ, தைரொயிட்டோ அடியில கிடந்து அந்தக் கிழமையில கூடுது. அதுக்கு மாதம் முழுக்க வைத்தியம் வேணும்.

எண்ணுறதிலயும் கன பேர் பிழை விடுறவை. முட்டை வெளியாறது அடுத்த பீரியட்டுக்கு ஏறக்குறைய 14 நாளுக்கு முதல். போன பீரியட்டிலயிருந்து 14 நாள் எண்டது 28 நாள் சுற்றுக்குத்தான் பொருந்தும். 35 நாளுக்கு ஒருக்கா வாற ஆளுக்கு 21ஆம் நாளளவிலதான் அது நடக்கும். கரைச்சலும் அதுக்குப் பிறகுதான் தொடங்கும்.

மனநலக் கிளினிக் தாதி:

அக்கா சொன்ன புள்ளிக் கணக்கை வைச்சுத்தான் பீரியட்டோட சேர்ந்த மன வருத்தத்தைக் கண்டுபிடிக்கிறது. வேற வழி இல்லை. அதின்ர கடுமையான வடிவத்துக்கு பி.எம்.டி.டி. (PMDD) எண்டு பேர். அமெரிக்க மனநல வகைப்பாட்டில 2013இல் இது தனி வருத்தமாச் சேர்ந்தது, உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பிலும் உண்டு. பதினொரு அறிகுறியில குறைஞ்சது அஞ்சு இருக்கவேணும்; அதில ஒண்டாவது மனம் சம்பந்தப்பட்டதா இருக்கவேணும்; வேலை, படிப்பு, உறவு குழம்பியிருக்கவேணும். மார்பு நோவும் கொஞ்சம் எரிச்சலும் மட்டும் எண்டால் அது பி.எம்.டி.டி. இல்லை.

கிளினிக்குக்கு வாறவையில பாதிப் பேரின்ர கையில ஹோர்மோன் ரிப்போர்ட் இருக்கும், எல்லாம் நோர்மல் எண்டு. நோர்மலாத்தான் இருக்கும். புரொஜெஸ்டரோன் உடைஞ்சு வாற அலோபிரெக்னனொலோன் எண்ட பொருள் மூளையில வேலை செய்யிறது. அது ஏறி இறங்கிறதைச் சிலரின்ர மூளை தாங்குதில்லை. குழப்பம் அங்க எண்டபடியால் இரத்தத்தில அளவு சரியாத்தான் காட்டும். "ரிப்போர்ட் நல்லாக் கிடக்கு, நீ நடிக்கிறாய்" எண்டு வீட்டில சொல்லுறவைக்கு இதை வாசிச்சுக் காட்டுங்கோ.

மருந்தில முதலிடம் மனச்சோர்வுக்கும் குடுக்கிற எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகைக்கு. ஃபுளுஒக்செற்றின் 20 மி.கி. அல்லது சேர்ட்ரலின் 50 மி.கி. எண்டு தொடங்குறது வழக்கம், டொக்டர்தான் எழுதவேணும். மனச்சோர்வுக்கு இது கேட்க இரண்டு நாலு கிழமை எடுக்கும். இந்த வருத்தத்துக்குச் சில நாளிலயே கேட்கும். அதனாலதான் முட்டை வெளியான நாளளவில தொடங்கி இரத்தம் வந்தோடன நிப்பாட்டுற முறையும் இருக்கு. ஆனால் சுற்று ஒழுங்கில்லாத ஆளுக்கு அந்தக் கணக்குப் பிடிபடாது. அவை ஒவ்வொரு நாளும் போடுறது நல்லம். முதல் கிழமை ஓங்காளம், தலையிடி, நித்திரைக் குழப்பம் வரலாம். சாப்பாட்டுக்குப் பிறகு காலமை போட்டால் குறையும். தாம்பத்திய ஆசை குறைஞ்சாலும் வெக்கப்படாமல் சொல்லுங்கோ, அளவையோ முறையையோ மாத்தலாம். ஒவ்வொரு நாளும் போடுறவை திடீரெண்டு தாங்களாவே நிப்பாட்டக்கூடாது.

இன்னுமொண்டு. அந்தக் கிழமையில "நான் இல்லாட்டி எல்லாருக்கும் நிம்மதி" எண்ட நினைப்பு வாற ஆக்கள் இருக்கினம். அடுத்த கிழமை அது போயிடும் எண்டு விடக்கூடாது, அடுத்த மாதமும் வரும். கலண்டரில அந்த நாட்களைச் சிவப்பால வட்டம் போட்டு வீட்டில ஒருத்தருக்குக் காட்டி வைக்கவேணும். வீட்டில உள்ள குளிசையும் கிருமிநாசினியும் அந்த நாட்களில அவரின்ர பொறுப்பில இருக்கட்டும். 1926 தேசிய மனநல உதவி இலக்கம், இரவிலயும் எடுக்கலாம். செய்யப்போறன் எண்ட அளவுக்கு நினைப்பு வந்தால் போனோட நிக்காமல் நேரா வைத்தியசாலைக்கு.

மருந்துக்கடைத் தம்பி:

அக்காமார் கவுண்டரில வந்து "வயித்துக்குத்துக்கு ஏதும் தாங்கோ" எண்டு கேட்கிறது எப்பவும் நோ உச்சத்துக்கு வந்தபிறகுதான். கருப்பைச் சுவரில புரொஸ்டாகிளாண்டின் எண்ட பொருள் ஊறித்தான் தசை இறுகுது. புரூஃபன் (ஐபுபுரோஃபன்), மெஃபெனாமிக் அசிட் எண்ட நோக் குளிசை இரண்டும் அது ஊறுறதை நிப்பாட்டும். ஊறி முடிஞ்சதை ஒண்டும் செய்யாது. ஆனபடியால் இரத்தம் தெரிஞ்சோடன, இல்லாட்டி முதல் குத்திலயே தொடங்கி, நேரக் கணக்கில இரண்டு மூண்டு நாள் போடவேணும். வளந்த ஆளுக்கு புரூஃபன் 400 மி.கி. எட்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா, அல்லது மெஃபெனாமிக் 500 மி.கி. நாளைக்கு மூண்டு தரம். எப்பவும் சாப்பிட்டபிறகு. இரண்டையும் சேர்த்துப் போடுறது பெரிய பிழை, வயிறு புண்ணாகும். பனடோல் சேர்க்கலாம். குடல்புண், சிறுநீரக வருத்தம், நோக் குளிசைக்கு இழுப்பு வாற ஆக்கள், பிள்ளை தங்கியிருக்கலாம் எண்ட சந்தேகம் உள்ளவை கேட்காமல் தொடக்கூடாது.

காய்ச்சல் இருந்தால் இந்த இரண்டும் தொடவே கூடாது. 2017இல் கிண்ணியாவில டெங்கு அடிச்சது எல்லாருக்கும் நினைவிருக்கும். டெங்கில தட்டணு (பிளேட்லெட்) இறங்கிற நேரம் புரூஃபன், மெஃபெனாமிக், டைக்ளோபெனக், அஸ்பிரின் எதுவும் இரத்தப்போக்கைக் கூட்டும். டெங்கிலயே பீரியட் நேரத்துக்கு முந்தி வரும், கூடவும் போகும். காய்ச்சலும் பீரியட்டும் ஒண்டா வந்தால் பனடோல் மட்டும் போட்டு, இரத்தப் பரிசோதனை செய்யுங்கோ. பீரியட் வந்திருக்கு எண்டதை டொக்டருக்குக் கட்டாயம் சொல்லுங்கோ.

அடுத்தது கோயில் குளிசை. கோணேசர் தேர், வெருகல் திருவிழா, கதிர்காமப் பாதயாத்திரை எண்டால் பீரியட்டைப் பிந்த வைக்கிற நொரெதிஸ்டரோன் கேட்டு வரிசை. 5 மி.கி. நாளைக்கு மூண்டு தரம், பீரியட் வரவேண்டிய நாளுக்கு மூண்டு நாள் முதல் தொடங்கவேணும்; நிப்பாட்டி இரண்டு மூண்டு நாளில வரும். முதல் நாள் இரவு வந்து கேட்டால் பிந்திப்போச்சு, கறை பட்டுக்கொண்டே இருக்கும். இது கர்ப்பத்தடையும் இல்லை. காலில இரத்தம் கட்டின ஆக்கள், கண்ணில மின்னி வாற ஒற்றைத்தலையிடி உள்ளவைக்கு ஆகாது. முன்கிழமையில மனம் குலையிற ஆளுக்கோ இது புரொஜெஸ்டரோன் இனத்து மருந்து, அந்தக் கிழமையையே நீட்டி விடலாம். பூசைக்குப் போகவேணும் எண்டு போட்டு, பூசையில அழுதுகொண்டு நிக்கிறதில அர்த்தமில்லை.

தம்பலகாமம் வாசகி:

தம்பி, சூட்டு ஒத்தடம் உண்மையா வேலை செய்யுமா?

மருந்துக்கடைத் தம்பி:

செய்யும். தொடர்ந்து இளஞ்சூடு குடுத்தால் புரூஃபனுக்குக் கிட்ட நிக்கும் எண்டு ஆராய்ச்சியே இருக்கு. போத்தலில கொதிதண்ணி விடாதேங்கோ, கை பொறுக்கிற சூடு, துவாய் சுத்தி அடிவயித்தில 20 நிமிசம். கன்னியாவில போய்க் குளிச்சால் சுகம் எண்டுறதும் இந்தச் சூடுதான். அதுக்காக பஸ் ஏறத் தேவையில்லை.

கிண்ணியா ராத்தா (வார்டு தாதி):

இரத்தம் கூடப் போறது எண்டால் எவ்வளவு எண்டு கேட்டா ஆருக்கும் சொல்லத் தெரியாது. ஒரு சுற்றில 80 மில்லிலீற்றருக்கு மேல எண்டு புத்தகம் சொல்லும், அளக்க ஏலாது. இப்படிப் பாருங்க: ஒரு மணித்தியாலம், இரண்டு மணித்தியாலத்தில பேட் முழுக்க நனையிறது, அஞ்சு ரூபாக் குற்றியைவிடப் பெரிய கட்டி விழுறது, இரவில எழும்பி மாத்துறது, இரண்டு பேட் சேர்த்து வைக்கிறது, ஏழு நாளுக்கு மேல நீளுறது. இதில ஒண்டு மாதா மாதம் இருந்தாலே காட்டவேணும். மணிக்கு ஒரு பேட் எண்டு விடாமல் போய், தலை சுத்தி, நெஞ்சு படபடத்தா அது கிளினிக் காரியமில்லை, 1990 அம்புலன்ஸ்.

டிரானெக்சாமிக் அசிட் 500 மி.கி. இரண்டு குளிசை வீதம் நாளைக்கு மூண்டு தரம், கூடப்போற நாளில மட்டும், நாலு நாளுக்கு மிஞ்சாமல். போக்கைப் பாதிக்குக் கிட்டக் குறைக்கும்; குத்துக்கும் மனசுக்கும் ஒண்டும் செய்யாது. இரத்தக்கட்டு வந்த ஆக்களுக்குக் குடுக்கிறதில்ல.

கர்ப்பத்தடைக்குக் கருப்பைக்குள்ள வைக்கிற லூப் போட்டிருக்கிறீங்களா எண்டு எப்பவும் கேட்பன். செப்பு லூப் போக்கையும் குத்தையும் கூட்டும், முதல் ஆறு மாதம் கூடுதலா. ஹோர்மோன் உள்ள லூப் எதிர்ப்பக்கம்: முதல் மூண்டு ஆறு மாதம் அங்கங்க கறை, பிறகு போக்கு நல்லாக் குறையும். மிதுரி எண்ட கர்ப்பத்தடைக் குளிசை குத்தையும் போக்கையும் குறைக்கும், ஆனா பி.எம்.டி.டி.க்கு ஆதாரம் உள்ளது டிரோஸ்பிரெனோன் சேர்ந்த குளிசைக்குத்தான். டெப்போ எண்ட கர்ப்பத்தடை ஊசி மனசுக்கு ஒத்துக்கொள்ளாட்டி மூண்டு மாதம் கழற்ற வழியில்ல, அத யோசிச்சுப் போடுங்க.

ஹீமோகுளோபின் சரி எண்டு விட்டிடாதீங்க, ஃபெரிட்டினும் (உடம்பில சேமிச்சிருக்கிற இரும்பின்ர அளவு) பாருங்க. அது 30க்குக் கீழ எண்டா இரும்பு காணாது. களைப்பு, மயிர் கொட்டுறது, மூச்சு வாங்குறது அதாலயும் வரும். அதே நேரம் சிவப்பணு சின்னனா இருந்து ஃபெரிட்டின் நல்லா இருந்தா பரம்பரையா வாற தலசீமியா சுவடா எண்டு பார்க்காமல் மாதக்கணக்கில இரும்பு விழுங்கக்கூடாது. இரும்புக் குளிசை வெறுவயித்தில, தேசிக்காய்த் தண்ணியோட, ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டாலும் நல்லா உறிஞ்சும், வயித்துப் பிரட்டலும் குறைவு. பிளேன்ரீ குடிக்கிறதெண்டா ஒரு மணித்தியாலம் தள்ளி. மலம் கறுப்பாப் போகும், பயப்படாதீங்க.

நோன்பு மாதத்தில ஒரு விசயம். பீரியட் நாளில நோன்பு இல்லைதானே, ஆனா வீட்டு ஆம்பிளைகளுக்குத் தெரியக்கூடாது எண்டு பகல் முழுக்கத் தண்ணியும் குடிக்காமல் இருக்கிற பிள்ளைகள் கனபேர். தலையிடியும் மயக்கமும் அதாலதான் கூடுது. வெறுவயித்தில நோக் குளிசையும் போட ஏலாது. உம்மாமார் குசினியில ஒரு தட்டு மூடி வையுங்க.

பாலையூற்று ரீச்சர்:

பெரியபிள்ளையாகி முதல் இரண்டு மூண்டு வருசம் 21 முதல் 45 நாளுக்குள்ள எப்ப வந்தாலும் பயமில்லை. ஆனால் முதல் பீரியட்டிலயிருந்தே வெள்ளமாப் போய், முரசாலயும் மூக்காலயும் இரத்தம் வாற பிள்ளைக்கு இரத்தம் உறையிற குறைபாடு இருக்கலாம். டொக்டரிட்ட அந்த வார்த்தையிலயே சொல்லுங்கோ. உழுத்தங்களியும் நல்லெண்ணெயும் நல்ல சாப்பாடு, குடுங்கோ. பச்சை முட்டை மட்டும் வேண்டாம். களியும் எண்ணெயும் மருந்து இல்லை.

நோக் குளிசை ஒழுங்காப் போட்டும் மூண்டு சுற்றாப் பள்ளிக்கு வரமுடியாமல் கிடந்தால், நோ வருசத்துக்கு வருசம் கூடினால், மலம் கழிக்கவும் நொந்தால் எண்டோமெற்றியோசிஸ் (கருப்பை உட்சுவர் மாதிரியான இழையம் கருப்பைக்கு வெளியில வளருறது) எண்டு நினைக்கவேணும். ஸ்கான் நோர்மல் எண்டது அதை இல்லையெண்டு ஆக்காது. கச்சான் காத்து அடிக்கிற மாதங்களில பேட்டை நாலு மணித்தியாலத்துக்கு மேல வைக்கிறதால வாற தொடைப் புண்ணையும் கவனியுங்கோ. துணி பாவிக்கிறவை முதல் பச்சைத்தண்ணியில அலசி, பிறகு சவர்க்காரம் போட்டு, கட்டிலுக்குக் கீழ இல்லாமல் நேர் வெயிலில காயவிடவேணும்.

தம்பலகாமம் வாசகி:

கல்சியமும் வைட்டமின் பி6உம் எடுத்தால் முந்தின கிழமைக் கரைச்சல் குறையும் எண்டினம். எங்க காட்டுறது எண்டும் சொல்லுங்கோ.

உவர்மலை அக்கா:

கல்சியத்துக்கு ஆதாரம் இருக்கு. 1998இல் வந்த பெரிய ஆய்வில நாளைக்கு 1200 மி.கி. எடுத்தவைக்கு மூண்டாம் சுற்றில அறிகுறி 48 வீதம் குறைஞ்சது. மருந்தில்லாத வெறும் குளிசை எடுத்தவைக்கும் 30 வீதம் குறைஞ்சது, அதையும் சேர்த்துத்தான் யோசிக்கவேணும். தலையோட தின்னுற நெத்தலி, பால், தயிர், குரக்கன் கணக்கையும் கழிச்சு மிச்சத்தைக் குளிசையா எடுங்கோ. இரும்புக் குளிசையோட சேர்த்துப் போட்டால் இரும்பு நல்லா உறிஞ்சாது. இரும்பு காலமை, கல்சியம் இரவுச் சாப்பாட்டோட. பி6 கூட எடுத்தால் கால் விறைக்கும், 100 மி.கி.க்கு மேல மாதக்கணக்கில போடவே கூடாது.

காட்டுறதுக்கு முதல் உங்கட பகுதி மருத்துவமாதுவைக் கேளுங்கோ, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு ஊடாக அனுப்புவா. 35 வயது தாண்டினவைக்கு 1996இலிருந்து நடக்கிற வெல் விமன் கிளினிக் இருக்கு, காசில்லை. பட்டணத்து மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு வந்தால் ஓ.பி.டி.யில டொக்டருக்கு உங்களோட கதைக்க ஒரு சில நிமிசம்தான் கிடைக்கும். கலண்டரை முதல் நீட்டுங்கோ. பிறகு மூண்டே வசனம்: "பீரியட்டுக்கு இத்தனை நாள் முதல் தொடங்குது, இத்தனையாம் நாள் நிக்குது, அந்த நாளில இந்த வேலை செய்யேலாமல் போகுது." போடுற எல்லாக் குளிசையின்ர மட்டையும் பையில இருக்கட்டும், நாட்டு மருந்தெண்டாலும்.